காலியாகத் திரும்பிய தட்டு

"சயா, ரேவதியக்கா மறுபடியும் கிளம்பிட்டாங்க. மகளும் கூடவே போவுது!"

டீக்கடை ஜுல்ஃபிகர் சன்னலோரம் நின்று சொன்னதும் சிவராஜ் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு ரேவதி வெற்றிலைத் தட்டோடு முன்னே நடந்தாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய மகள் மாலா, அம்மாவுக்குக் குடை பிடித்தபடி பின்னே போனாள்.

"போகட்டும்பா. தனசேகரன் ஜெயிக்கணும்னா அவன் வீட்டாளுங்க போய்த்தானே ஆகணும்?"

இன்சீன் அம்மன் கோயிலில் அது பழைய வழக்கம். தலைவர் பதவிக்கு நிற்பவர் தன் வாயால் ஓட்டுக் கேட்கக் கூடாது. அவருடைய குடும்பத்தார்தான் தட்டேந்தி வீடு வீடாகப் போக வேண்டும். ஓட்டுப் போடச் சம்மதிப்பவர்கள் அதிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள்.

"நீங்களே போய்க் கேளுங்க சயா. இந்தக் காலத்திலே யாரு பார்க்கிறா?"

"அம்மன் பார்க்கிறா." சிவராஜ் சரித்திர வாத்தியாராக இருந்தவர். இங்கே பர்மியத்தில் வாத்தியாரை அழைக்கும் 'சயா' என்ற பட்டம் ஓய்வுக்குப் பிறகும் அவரை விடவில்லை. "அமெரிக்காவிலேயே நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான்டா. ஜனாதிபதிக்கு நிக்கிறவர் பெரும்பாலும் வீட்டோட இருப்பார். தனக்குத்தானே கேட்டா மரியாதைக் குறைச்சல். அண்ணன் தம்பி, மச்சான், சிநேகிதருங்கதான் அவருக்காக அலைவாங்க."

"குடும்பமே இல்லாதவர் நின்னா?"

"அதை நான் பாடம் நடத்தலைடா" என்று சிவராஜ் சிரித்தார். மனைவி சத்யபாமா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. பிள்ளைகள் இல்லை.

"அப்ப தட்டை என்கிட்டே குடுங்க. நான் போறேன்."

"நீ போனா போற வீட்டிலெல்லாம் உன் கடை டீயைத்தான் விப்பே! சொந்தக்காரங்க கேட்டாத்தான்டா செல்லும்."

ஜுல்ஃபிகர் முகம் வாடியது. "உங்களுக்காக மட்டுமா சொல்றேன்? கரண்ட் போனா எங்க வீட்டிலே குடிக்கத் தண்ணி இல்லை சயா."

அதற்காகத்தான் சிவராஜ் தனசேகரனை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்றதே. கோயிலில் ஆழ்குழாய்க் கிணறும் ஜெனரேட்டரும் இருந்தன. அந்தத் தண்ணீரைச் சாமி பேதம் பார்க்காமல் தெருவுக்கே திறந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவோம் என்றான் தனசேகரன். அவனும் கெட்டவன் இல்லை.

மதியம் ரேவதியும் மாலாவும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். சிவராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"வெயில்லே சுத்தறீங்களேம்மா. மோர் குடிச்சிட்டுப் போங்க."

மாலா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். ரேவதி தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

"எப்படிப் போவுது?" என்று சிவராஜ் கேட்டுவிட்டார்.

"தட்டைப் பாருங்கண்ணே." ரேவதி பெருமையாகச் சிரித்தாள். ஒரு வெற்றிலைகூட மிச்சமில்லை.

'தண்ணீர் போச்சு' என்று நினைத்துக்கொண்டார் சிவராஜ். ஆனாலும் வழக்கத்தை மீறவில்லை என்ற நிறைவில், தலை நிமிர்ந்தபடியே அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஓட்டு எண்ணினார்கள். பெரியவர் இராமையா தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். "தலைவர்... சிவராஜ்!"

கடைசி வரிசையில் இருந்த சிவராஜ் பதறி எழுந்தார். "சரியாப் பாருங்கய்யா. எங்கேயோ மாத்தி எண்ணியிருப்பீங்க."

"ரெண்டு தரம் எண்ணியாச்சுப்பா. வா முன்னாலே."

வெளியே கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்ற ஜுல்ஃபிகர் விசிலடித்தான். மாலையோடு முதலில் வந்தது தனசேகரன். தோற்றவன் முகம் மாதிரியே இல்லை.

"தனசேகரா, எனக்காக ஒருத்தரும் ஒரு வீட்டு வாசல்கூட மிதிக்கலையேப்பா!"

"யாருண்ணே சொன்னது? எனக்காக என் தங்கச்சி குடும்பம் தட்டு தூக்கிட்டுப் போச்சு." தனசேகரன் மனைவியையும் மகளையும் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவ்வளவு பெருமை. "உங்களுக்கு யாரு போனாங்கன்னு இவங்களைக் கேளுங்க."

பர்மியமே சரளமாக வரும் மாலா, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்:

"சொந்தக்காரங்கதான் கேக்கணும்ல? அதான் வீட்டுக்கு வீடு, 'எங்க பெரியப்பாவுக்கு ஒரு வெத்தலை எடுங்க'ன்னு சொன்னோம்... பெரியப்பா."