ஓரத்துச் சிப்பாய்

"ஐயோ, மைக்கை மூடுங்க! நேரலையில போயிட்டிருக்கு!"

ஸோயா பாய்ந்து வந்து மைக்கைக் கையால் பொத்தினாள். பலனில்லை. "இந்தப் பொண்ணுக்கு மண்டைக்குள்ள மூளை கிடையாது, முட்டைக்கோசு!" என்ற வாசகம் லெனின்கிராடிலிருந்து கிளம்பி நாட்டின் மறுகோடி விளாதிவஸ்தோக் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சொன்னவர் கிராண்ட்மாஸ்டர் மத்வேய் இக்னாத்யெவிச். வாரா வாரம் வானொலியில் செஸ் பாடம், பெரிய போட்டி என்றால் நேர்முக வர்ணனை. பக்கத்து நாற்காலி, கூட வர்ணனை செய்யும் ஸோயாவுடையது.

திட்டு வாங்கியவள் ரிம்மா. மாடி அரங்கில் தேசியப் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நடப்புச் சாம்பியன் தமாரா. தமாராவுக்கு டிரா போதும். ரிம்மா ஜெயித்தே ஆக வேண்டும்.

ஒரு வருடம் முன்புவரை ரிம்மாவுக்குப் பயிற்சியாளர் இதே மத்வேய்தான். ஒருநாள் கிளப் வாசலில், கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க, "உங்க காலம் முடிஞ்சுபோச்சு!" என்று கத்தி, செஸ் கடிகாரத்தை அவர் காலடியில் வீசி உடைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவர் அவளை வானொலியில் திட்டாத வாரமே இல்லை.

"மறுபடியும் அதே ஓப்பனிங்!" மத்வேய் சுவரிலிருந்த பெரிய பலகையைக் குச்சியால் தட்டினார். "குதிரையை இப்படித் தூக்கி வெச்சா ஓரத்துச் சிப்பாய் அநாதை. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்!"

விருந்தினராக வந்திருந்த பஷ்கேவிச் மீன் வைத்த ரொட்டியை மென்றபடி சிரித்தார். அவர் தமாராவின் பயிற்சியாளர்.

"விடுங்க, மத்வேய் இக்னாத்யெவிச். உங்க பாடத்தை ஒரு வாரம்கூட விடமாட்டேன் நான். தமாராவையும் பக்கத்துல உக்கார வெச்சுக் கேக்க வெச்சேன். என் வேலையில பாதி மிச்சம்."

"பாதிதானா?"

"அது சரி, இவளுக்கு இப்ப ரகசியமா சொல்லிக் கொடுக்கறது யாரு? நானும் ஊரெல்லாம் விசாரிச்சுட்டேன். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

"எவனோ ஒரு கிறுக்கன்" என்றார் மத்வேய்.

செஸ் உலகில் இது சகஜம். கூட உழைக்கும் ஆள் யார் என்று கடைசிவரை மூச்சுவிட மாட்டார்கள். ஜெயித்த பிறகுதான் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஸோயா மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "போன வாரம் சபதம் போட்டீங்களே. இந்த ஓப்பனிங்ல ரிம்மா ஜெயிச்சா அன்னிக்கே மைக்கை வெச்சுடறேன்னு. ஞாபகம் இருக்கா?"

"சொன்னா சொன்னதுதான்."

 இந்த மனிதரில்லாத வர்ணனை உப்பில்லாத சூப். தமாரா ஜெயிக்கட்டும் என்று ஸோயா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் பலித்த மாதிரிதான் இருந்தது. சுவர்ப் பலகையில் தமாராவின் ராணி ஓரத்துச் சிப்பாயைக் கொத்தியது.

"எடுத்துட்டா!" பஷ்கேவிச் தொடையில் தட்டினார்.

ரிம்மா வெகுநேரம் யோசித்தாள். பிறகு வெளியே துள்ளி நின்ற தன் குதிரையை எடுத்து, அது புறப்பட்ட கட்டத்துக்கே திருப்பி வைத்தாள்.

அறையே சிரித்தது. "குதிரைக்கு லாயம் ஞாபகம் வந்திருச்சு போல!" என்றார் பஷ்கேவிச்.

மத்வேய் மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு வருடத்தில் முதல்முறையாக ரிம்மாவின் ஆட்டத்துக்கு அவர் வாய் மூடியிருந்ததை ஸோயா கவனித்தாள். பலகையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ராணி... ராணி எந்த வழியா வெளிய வரும்?"

"நேயர்களுக்குச் சொல்லு" என்றார் மத்வேய்.

"மேல போனா யானை. குறுக்கே போனா மந்திரி. வந்த வழியே திரும்பினா..." ஸோயா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "குதிரை! நேயர்களே, ராணி மாட்டிக்கிச்சு!"

பஷ்கேவிச்சின் ரொட்டி பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் மாடியில் எழுந்த கைதட்டலில் கீழே டீ கிளாஸ்கள் கிணுகிணுத்தன. தமாரா கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஏற்றுக் கை நீட்டியிருந்தாள்.

"நீங்கதானே வாரா வாரம் சொன்னீங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்னு!" பஷ்கேவிச் பாய்ந்தார்.

"ஆமா. உங்க ஆளும் அப்படியேதான் எடுத்தா. நான் என்ன பண்ணட்டும்?"

மத்வேய் ஹெட்போனைக் கழற்றினார். மைக்கை ஸோயா பக்கம் நகர்த்தினார். "சபதம் சபதம்தான். இனிமே நீ பேசு."

ஸோயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மானம் போய், வேலையும் போன மனிதர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்! மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே மாடிக்கு ஓடினாள்.

மேடையில் பூங்கொத்துகளுக்கு நடுவே புதிய சாம்பியன். "இப்பவாவது சொல்லுங்க! உங்க ரகசிய ஆள் யாரு?" என்று நிருபர்கள் கத்தினார்கள்.

ரிம்மா கூட்டத்தை ஒருமுறை துழாவினாள். கதவருகே நின்றவரைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தாள்.

"ஒரு வருஷமா நாடு முழுக்கக் கேக்கற மாதிரி என்னைத் திட்டினாரே, அந்த மத்வேய் இக்னாத்யெவிச்தான்! மேல வாங்க! இந்த ஓப்பனிங் அவரோடது, அந்தக் குதிரையும் அவரோடது. அன்னிக்குக் கிளப் வாசல்ல வீசறதுக்கு, ஓடாத பழைய கடிகாரமா பார்த்து எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்!"