கட்டையில் எழுதிய தேதி

“வயசைச் சரியா சொல்லணும். ஒரு மாசம் கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு” என்றாள் கஸ்தூரி.

பட்டாபிராமிலிருந்து ஆவடி ஆபீசர் குவார்ட்டர்ஸுக்கு வரவழைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ், பியானோவின் மேல்மூடியைத் தூக்கினார். முப்பது வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். உள்ளே இரும்புச் சட்டத்தில் இருந்த எண்ணைத் துடைத்து, தன் பழைய நோட்டோடு ஒப்பிட்டார்.

“ஆயிரத்தி எண்ணூத்தி தொண்ணூத்தி நாலுல செஞ்சதும்மா. எழுவத்தேழு வயசு.”

“அது வேண்டாம். எங்க வீட்டுக்கு என்னிக்கு வந்துச்சு? இது வந்து இறங்கின அன்னிக்குத்தான் என் பொண்ணு புஷ்பா பிறந்தா. பிறப்பைப் பதியலை. நான் சொன்னா போதாதாம், எங்க வக்கீல் ஆதாரம் கேக்கறார்.”

பூட்டியிருந்த பக்கத்து அறையிலிருந்து விசும்பல் கேட்டது.

“எவனோ ஒரு பொறுக்கி. பேரைச் சொல்லவே வாய் கூசுது. மைனர் பொண்ணைக் கூட்டிட்டு ஓடினான், பிடிச்சு உள்ள போட்டாச்சு. அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சுன்னு அவன் வக்கீல் சாதிக்கிறான்.”

“இன்னியோட ஒம்போது நாளு” என்று தனக்குள் முனகியபடி ஜேம்ஸ் இடது ஓரக் கட்டையை உருவினார். “பழசை விக்கிற கடைக்காரன் ரிப்பேர் பண்ணி வீட்டுக்கு அனுப்பசொல்ல, அன்னிக்குத் தேதிய இதுலதான் எழுதுவான்.”

கட்டையின் பக்கவாட்டில் மங்கலான பென்சில் எழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். கஸ்தூரியும் எட்டிப் பார்த்தாள்; அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜேம்ஸின் கட்டைவிரல் அந்த எழுத்தின் மேல் போய் நின்றது. ஒரு தேய் தேய்த்தால் போதும்.

விரலை எடுத்துவிட்டார்.

“பதினாலு, நவம்பர், அம்பத்திமூணு.”

கஸ்தூரி விரல்விட்டு எண்ணினாள். இது எழுபத்தொன்று, ஆகஸ்ட். “பதினெட்டுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு! கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?”

“கூப்ட்டா வரேம்மா. வேதத்து மேல கைய வெச்சுகினு பொய் சொல்ல முடியாது.”

“அப்ப வருஷக்கணக்கா உள்ளேயே கிடக்கட்டும். இப்படி ஒரு பிள்ளையைப் பெத்தவன் எப்படிப்பட்ட ஆளோ!”

ஜேம்ஸ் கட்டையை அதன் இடத்தில் பொருத்தி, அழுத்திப் பார்த்தார். சத்தம் சரியாக வந்தது. அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினார்.

“நான்தாம்மா அவனப் பெத்தவன்.”