கம்பியைத் தொடாத மாடு

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மருதம்மாள் கையை நீட்டவில்லை.

"அடிச்சு அணை அக்கா," என்றார் குழந்தைவேலு. "உன் மாடு என் வேலிக் கம்பியத் தொடலன்னு முனியாண்டி முன்னால சத்தியம் பண்ணு. நான் வாய மூடிக்கிறேன்."

மலேசியாவில் மெர்போக் பக்கத்து அந்தத் தோட்டக் கோயிலில் சண்டையை இப்படித்தான் தீர்ப்பார்கள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் நியாயம் உன் பக்கம். பின்வாங்கினால் நீ பொய்யன்.

மருதம்மாள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாடு சாகும்போது அவள் பார்க்கவும் இல்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படிச் சத்தியம் செய்வாள்?

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரவெல்லாம் மழை. விடிந்து போய்ப் பார்த்தபோது அவளுடைய செவலைப் பசு குழந்தைவேலுவின் செம்பனைத் தோப்புக்கு வெளியே, பொதுப் பாதையில், நாலு காலையும் விறைத்துக்கொண்டு செத்துக் கிடந்தது. காட்டுப்பன்றிக்காக அவர் இழுத்திருந்த மின்கம்பி கொஞ்சம் தள்ளி, தூணோடு ஒழுங்காகக் கட்டியிருந்தது.

அவள் சத்தியம் செய்யாவிட்டால் மாடு வேலி தாண்டப் பார்த்தது உண்மையாகிவிடும். அப்படியானால் மிச்ச மாடுகளைத் தோட்டத்தைவிட்டு ஓட்டிவிட வேண்டும் என்று கோயில் தலைவர் அப்பளசாமி முன்பே சொல்லிவிட்டார். பால் விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சூடம் பாதியாகிவிட்டது.

"அத்தை அடிக்க வேணாம்."

உமாராணி. இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகிற பெண். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

மருதம்மாள் கையைக் காட்டித் தடுத்தாள். "வேணாம்மா, போய் உக்காரு. உனக்கெதுக்கு இந்த வம்பு?"

அவள் உட்காரவில்லை. பிரசாத மேசையில் சுண்டல் பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

கறுப்புத் திரை. அதில் ஒரு சிவப்புப் பொட்டை இழுத்து வைத்தாள். பொட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் அம்புக்குறிகள் முளைத்தன.

"அலாமாக், செத்த மாட்டுக்கு கேம் விளையாடப் போறியா பிள்ள?" என்றான் ஜெயகுமார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"இது கேம் இல்லண்ணே, சிமுலேஷன். பிசிக்ஸ் டீச்சர் காட்டுனாங்க. மின்சாரம் ஒரு எடத்துல இருந்தா சுத்தி என்னா ஆகும்னு காட்டும். இந்தச் செவப்புப் பொட்டுதான் கம்பி மண்ணத் தொட்ட எடம்."

"எந்தக் கம்பி மண்ணத் தொட்டுச்சு?" குழந்தைவேலு சத்தம் போட்டார். "எல்லாரும் வந்து பாத்தீங்கதானே? தூண்ல கட்டியிருந்துச்சா இல்லையா?"

உமாராணி அவரைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் வர்றப்ப கட்டியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி அறுந்து ஈரத்துல கெடந்துச்சு. நான் பாத்தேன். மாடு செத்தப்பறம்தான் சுவிட்ச அடைச்சு, கம்பிய இழுத்துக் கட்டுனாங்க."

நீ எப்படிப் பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

அவள் பொட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு போட்டாள். கிட்டத்தில் நெருக்கமாக, தூரத்தில் அகலமாக. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண். உள்ளே பெரிசு, வெளியே போகப் போகச் சிறிசு.

"மாடு கம்பியத் தொடவே வேணாம் தலைவரே. முன்னங்கால் இந்த வட்டத்துல, பின்னங்கால் அந்த வட்டத்துல. ரெண்டுக்கும் வோல்டேஜ் வேற வேற. அது போதும். கரண்டு ஒரு கால்ல ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கால்ல எறங்கிரும். கோழியா இருந்தா தப்பிச்சிருக்கும். அதுக்குக் கால் ரெண்டும் கிட்ட கிட்ட."

"அப்ப இனிமே கோழி வளங்கக்கா," என்றான் ஜெயகுமார்.

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"வெறும் படம்லா இது," என்றார் அப்பளசாமி. சொல்லிக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்குக் குனிந்தார்.

"படம்தான். நெசத்துல மண்ணு, ஈரம், எல்லாம் கணக்குல வரும். ஆனா கிட்டப் போகப் போக இப்படித்தான் ஏறும். நம்பலன்னா கரண்டு ஆபீஸ்ல கேளுங்க. வீட்டுக் கரண்ட வேலிக்குக் குடுக்கலாமான்னு அதையும் சேத்துக் கேளுங்க."

குழந்தைவேலுவின் முகம் கறுத்துவிட்டது. தட்டில் புதுச் சூடம் ஏற்றி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவ்வளவு தைரியமா? அப்ப நீ அடி. கம்பி அறுந்து கெடந்துச்சுன்னு நீ சத்தியம் பண்ணு, பாப்போம்."

மருதம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் உமாராணி உள்ளங்கையைச் சுடர்மேல் அடித்து அழுத்திவிட்டாள். எடுக்க அவசரப்படவும் இல்லை.



அப்பளசாமி தட்டை வாங்கிக்கொண்டார். "மாடு வேலியத் தொடல. மருதம்மா மாடெல்லாம் இங்கதான் இருக்கும்," என்றார். தட்டோடு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. யாரும் குழந்தைவேலுவின் பக்கம் போகவில்லை. அவர் வெளியே போய் மோட்டார் சைக்கிளை முடுக்கினார். ஆனால் கிளம்பவில்லை.

மருதம்மாள் அந்தப் பெண்ணின் கையை விரித்துப் பார்த்தாள். நடுவில் சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது. சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் வைத்தாள்.

"இன்னிக்கு அங்க போவாதம்மா," என்றாள் மெதுவாக. "எங்கூட வந்து படுத்துக்க. கோவம் தணியட்டும்."

"இல்லத்தை. போவணும்."

உமாராணி லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். உறுமிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு ஓட்டுங்கப்பா. இருட்டுறதுக்குள்ள அந்தக் கம்பியக் கழட்டணும்."