குடும்பத்தோடு ஒரு போட்டோ

விருத்தாசலத்தில் மறதி நோயாளிகளுக்குப் பகல்நேர இல்லம் வரப்போகிறது. அதை எப்படிக் கட்டலாம் என்று குடும்பத்தினரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வந்து பேசுகிற குடும்பத்துக்குத்தான் முதலில் இடம்.

"பளபளன்னு டைல்ஸ் போடாதீங்க மேடம். தண்ணின்னு நெனச்சி எங்க அத்தை கால் வெக்காது. வாசல்ல செருப்பும் வேணாம். செருப்பப் பாத்தா வூட்டுக்குப் போறேன்னு கெளம்பிடும்" என்றாள் இளமதி. அவள் முந்தானையைப் பிடித்தபடி வீராயி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"இப்படி ஒரு மருமக கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்!" என்று அதிகாரி நெகிழ்ந்தார். இளமதி வெளியே நின்ற காரைப் பார்த்தாள்.

"குடும்பத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

காரில் இருந்த வீராயியின் மகன் ராஜ்மோகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தான். இளமதியின் காதருகே குனிந்தான்.

"ஓரமா போ. மருமகளா பேச வெச்சதோட சரி. வேலைக்காரி போட்டோவுல நின்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

பிறகு அதிகாரியிடம், "என் சம்சாரத்துக்குக் கூச்சம் மேடம்" என்று இளித்தபடி அம்மாவின் தோளில் கை போட்டான்.

வீராயி கையைத் தட்டிவிட்டாள். "யார்ரா நீ? எடுறா கைய! இளமதீ, வாடி, வூட்டுக்குப் போலாம்!"

"பாவம், நோய் முத்திடுச்சி. பெத்த புள்ளையையே தெரியல" என்றார் அதிகாரி.

பல தீபாவளிகளுக்குப் பிறகு அன்றுதான் ஊருக்கு வந்திருந்த ராஜ்மோகன், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இளமதி போய் வீராயியின் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.