நாடு ஆளும் விளையாட்டு

“ஒரு நாட்டையே ஆளற மாதிரி வீடியோ கேம் வேணும். உடனே!”

வேர்த்து விறுவிறுத்து வந்தவர் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதுல வரி போடலாம், பாலம் கட்டலாம்.”

“சண்டை?”

“கிடையாது சார்.”

“அப்ப ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. சண்டை இருக்கணும், ஆனா லேசுல ஜெயிக்கக் கூடாது. உக்காந்தா எந்திரிக்கவே தோணக் கூடாது.”

பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று கடைக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“புள்ளைங்க கேம்ல உக்காந்தா சோறு தண்ணியே மறந்துடுதுன்னு எல்லா அப்பாவும் பொலம்பறாங்க. நீங்க என்னடான்னா...”

“மறக்கணும் சார்! நாளைக்குக் காலைல பத்து மணிய மறக்கணும்.”

“ஏன், பரீட்சையா?”

வந்தவர் மேஜை மேல் குனிந்தார்.

“கையெழுத்து. படை எல்லையைத் தாண்டறதுக்கு. நான் ஜனாதிபதியோட செயலாளர். சொல்லிப் பாத்தேன், கால்ல விழுந்தும் பாத்தேன். இனி இது ஒண்ணுதான் வழி.”

வாசலில் கொடி கட்டிய கார் நின்றிருந்தது.

கடைக்காரர் அலமாரியையே காலி செய்து பைகளில் திணித்தார். பணம் நீட்டிய கையைத் தள்ளிவிட்டார்.

“எல்லாத்தையும் கொண்டு போங்க சார். ஓடுங்க! என் பையன் எல்லையிலதான் நிக்கறான்.”