முகம் திருப்பிய கார்

அம்மை குத்தும் சர்க்கார் ஆள் சின்னச் சீமைக் காரில் வருகிறார் என்று தெரிந்ததும், கொல்லிமலைச் சரிவில் இருந்த அந்த ஊரே பிள்ளைகளோடு புதருக்குள் ஒளிந்தது. ஊசி பட்டால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும் என்று பயம். நல்லாயி மட்டும் பாறை மேல் நின்று ரோட்டைப் பார்த்தாள்.

“ஏத்தத்துல இருமி இருமி நின்னு போச்சுங்க.”

“அப்புறம்?” என்றார் புதருக்குள்ளிருந்து ஊர்க்கவுண்டர் சடையன்.

மரங்கள் மறைத்தன. சற்றுப் பொறுத்து வளைவில் கார் தெரிந்தது.

“மூஞ்சியக் கீழ திருப்பிக்கிச்சுங்க. போறாங்க.”

“சத்தம் கேக்குதே?”

“போற வண்டியும் சத்தம் போடுமில்லீங்க.”

எல்லோரும் வெளியே வந்தார்கள். சற்று நேரத்தில், பின்பக்கமாகவே மேடேறி வந்த கார் அவர்கள் நடுவில் நின்றது.

யாருக்கும் ஓடத் தோன்றவில்லை.

“ஏனுங்க, இது எதுக்குப் பின்னால நடக்குது?” என்று டிரைவரைக் கேட்டார் சடையன்.

“பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில இருக்குதுங்க. பெட்ரோல் கொறைஞ்சிருக்கறப்ப நேரா ஏறினா முன்னால இருக்கற எஞ்சின் ஒசந்துரும், பெட்ரோல் போய்ச் சேராது. திருப்பி ஏறினா தொட்டி ஒசந்துரும், தானா எறங்கும்.”

“சீட்டத் தூக்குங்க, பாக்கலாம்.”

சர்க்கார் ஆள் கார் கதவருகே வந்து நின்றார். “ஊசி போட்டுக்கறவங்க மட்டும் பாக்கலாங்க.”

சடையன் யோசித்தார். தோளைக் காட்டினார். பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

கடைசியில் மறுபடியும் சடையன் வந்து நின்றார்.

“உங்களுக்குப் போட்டாச்சுங்களே?”

“தொட்டிய இன்னொருக்காப் பாக்கோணும்” என்று அவர் மறு தோளைக் காட்டினார்.