சோம்பேறிப் பட்டன்

“பட்டனை விடுங்க அத்தான். கைப்பிடியை எடுங்க.”

அத்தான் நான்காவது தடவையும் அமுக்கிப் பார்த்தார். பாயைச் சுருட்டும் மோட்டார் முனகியது, அவ்வளவுதான். பாதி சுருண்ட பாய் படபடவென்று அடித்துக்கொண்டு, படகைத் துறைமுகத்தின் கல் சுவர்ப் பக்கம் இழுத்துப் போயிற்று. இன்னும் ஐம்பது அடி இருக்குமா? பின்னால் நின்று கத்தியவன் சுக்கானை விடவில்லை.

அத்தான் முன்பக்கம் ஓடி, இரும்புக் கைப்பிடியைச் செருகி மடமடவென்று சுற்றினார். பாய் சுருண்டது. படகு அடங்கியபோது, சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்தவருக்கு மேல்மூச்சுக்கூட வாங்கவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

“இவ்வளவு தெம்பை வெச்சுக்கிட்டு எதுக்கு இந்த மோட்டார்? நான் கட்டிக் கொடுத்த கயிறு பதினோரு வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணுச்சா?”

“இழுக்கச் சோம்பலா இருக்கு, மச்சான்.”

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை. பாய்க்கு ஒரு பட்டன், சுக்கானுக்கு ஒரு பட்டன். அப்படியே கொட்டாவி விடவும் ஒண்ணு வெச்சிடுங்க.”

அத்தான் சிரித்தார்.

படகுகளுக்குப் பாயும் கயிறும் கட்டுவதுதான் அவன் பிழைப்பு. அவனுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: படகில் எது இல்லையோ அது பழுதாகாது. நாளை விடிந்தால் அத்தானும் அக்காவும் மட்டும் இதில் ஏறி, மூன்று நாள் கடல் தாண்டி, மகளைப் பார்க்கப் போகிறார்கள். நடுக்கடலில் மோட்டார் முனகினால்?

துறையில் அக்கா பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போர்வை மடங்கலையா?”

“பாய்னு சொல்லு அக்கா. எத்தனை வருஷமா சொல்லிக் கொடுக்கறேன்.”

“பாய்னா கீழ விரிக்கறது. மேல கிடக்கறது போர்வைதான். சுக்கானாம் சுக்கான். வாலுன்னா யாருக்கும் புரியுது. இந்த மூடியைத் திறடா, விரல் மடங்க மாட்டேங்குது.”

திறந்து கொடுத்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

“இந்த மோட்டாரைக் கழட்டாம உன்னை ஏற விட மாட்டேன்.”

“அது அவரோட விளையாட்டுச் சாமான். நாளைக்கு எனக்கும் அமுக்கச் சொல்லித் தரேன்னிருக்கார்.”

படகைக் கட்டிக்கொண்டிருந்த அத்தானின் கை ஒரு நிமிஷம் நின்றது.

“சாயங்காலம் வரைக்கும் யோசிக்கலாமே, மச்சான்.”

“யோசிக்க ஒண்ணுமில்ல.”

ஸ்க்ரூ டிரைவரோடு அவன் மட்டும் படகில் இறங்கினான். மோட்டாரிலிருந்து போகும் ஒயரைத் தடவிக்கொண்டே கீழே அறைக்கு வந்தான். அக்கா எப்போதும் உட்காரும் மூலையில் போய் அது முடிந்தது. அங்கே மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி, புதிது.

திறந்தான். மூன்று பெரிய பட்டன்கள். உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். ஒவ்வொன்றின் கீழும் அத்தான் கையெழுத்தில் ஒரு சீட்டு.

போர்வையை மடி.

வாலை நேராப் பிடி.

ஆளைக் கூப்பிடு.

மூடியின் உள்பக்கம் ஓர் அட்டை: ‘நான் எழுந்திருக்கலேன்னா பதறாதே. முதல்ல உட்காரு. மேலேருந்து ஒண்ணொண்ணா அமுக்கு. யாராவது வருவாங்க.’

அவன் அந்த மூலையில் உட்கார்ந்து, விரலை மடக்காமல் உள்ளங்கையால் முதல் பட்டனைத் தொட்டுப் பார்த்தான்.

பிறகு போய் மோட்டாரைத் திறந்தான். ஒயர் முனையில் உப்புப் பூத்துப் பச்சை பிடித்திருந்தது. சுரண்டி, புதிதாக முடுக்கினான். காற்று தணிந்ததும் பாயை இருபது தடவை விரித்து, இருபது தடவை சுருட்டிப் பார்த்தான். அப்புறமும் மனசு ஆறவில்லை. பட்டறையிலிருந்து கயிறும் நாலு கப்பியும் கொண்டுவந்து, முனையில் அகலமாக ஒரு கண்ணி போட்டு, அந்த மூலை வரைக்கும் இழுத்துவிட்டான். கண்ணியைத் தோளில் மாட்டிப் பின்னால் சாய்ந்தால் பாய் சுருளும், விரல் வேண்டாம்.

“கழட்டிட்டியா?” மேலேயிருந்து அத்தானின் குரல்.

“இல்ல. உங்க சோம்பேறித்தனத்துக்கு என்கிட்ட மருந்தில்ல.”

அக்கா சிரிப்பது கேட்டது.

வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்துக் கயிற்றில் ஒட்டினான். பேனா ‘பா’ வரைக்கும் போயிற்று. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வேறு துண்டு ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினான்: ‘போர்வை.’